முஸ்தன்சர் ஹுசைன் தாரர்: 'பஹாவ்' பாதியில் நிற்கிறதா?

உருது எழுத்து படித்த கையோடு, பாகிஸ்தானிய உருது எழுத்தாளர் தாரரின் 'பஹாவ்' நாவலை எடுத்து, பத்துப் பக்கத்தில் திணறுவதாக எழுதியிருக்கிறீர்கள். கோளாறு உங்களிடம் இல்லை. வறண்டுபோகும் ஓர் ஆற்றங்கரையின் பழங்கால வாழ்க்கைக்காக சிந்தி, சராய்க்கி, சமஸ்கிருதம், பிராகூயி மொழிகளின் சாயலை அவர் உருதுவில் கலந்திருக்கிறார். சாதாரண அகராதி எல்லாச் சொல்லுக்கும் கைகொடுக்காது. (பிராகூயி நம் திராவிடக் குடும்பம்தான்!) குறில் உயிர்க்குறிகளை உருது அச்சில் பெரும்பாலும் விட்டுவிடுவதால், தெரியாத சொல்லை வாசிப்பதே ஊகமாகிவிடும்.

அதை இப்போதைக்கு மூடிவையுங்கள். ஐரோப்பியப் பயண நூலான 'நிக்லே தேரி தலாஷ் மே' எடுங்கள். பேச்சு நடை, ஊர்ப்பெயர்களும் பிடிபடும். தினம் 2 பக்கம், வாய்விட்டு. பிறகு 'பியார் கா பஹ்லா ஷஹர்', பாரிஸ் காதல் கதை, எளிது. 'ராக்' நாவலுக்கு முன் 1971 வங்கதேசப் போர் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். 'பஹாவ்' கடைசியில்.