நிலை தாண்டினா வளவு: வாசகர் கேள்வி பதில்

தேவகோட்டை வாசகி: என் போன்ல 'வீடு'ன்னு அடிச்சா கம்முனு இருக்கு, 'வீடுகளிலிருந்தும்'னு அடிச்சா அடியில சிவப்புக் கோடு போடுது. வீடு தெரிஞ்சதுக்கு இது தெரியாதா?

தெரியாதுங்க, ஏன்னா அதுகிட்ட இருக்கிறது பெரும்பாலும் ஒரு வார்த்தைப் பட்டியல்தான். இங்கிலீஷ்ல ஹவுஸ், ஹவுசஸ்னு ரெண்டைப் போட்டா ஏறக்குறைய வேலை முடிஞ்சுது. நம்ம வீட்டுக்கு ஒருமை பன்மை 2, வேற்றுமை 8, வால்ல ஒட்டிக்க உம், ஏ, ஓ, ஆ, இல்லன்னா ஒண்ணுமே ஒட்டாம, அது ஒரு 5. ஆக 2 × 8 × 5, 80 ஆச்சு, 'வீட்டுக்குள்ள', 'வீட்டுப்பக்கம்'லாம் நான் இன்னும் எண்ணவே இல்ல. எல்லாச் சொல்லுக்கும் இப்படி எழுதி வெச்சா பட்டியல் எங்க போய் நிக்கும்?

வேற வழி இருக்கு. உங்க ஊர்லயே ஒரு பெரிய வீட்டை நினைச்சுக்குங்க, முகப்புல நின்னா வளவு, அதாவது நடு முற்றம், ரெண்டாங்கட்டு, அடுப்படி, பின்வாசல் வரைக்கும் நேர்கோட்டுல தெரியும்ல, நடுவுல ஒவ்வொண்ணுக்கும் ஒரு தேக்கு நிலை. கம்ப்யூட்டர்ல ஃபைனைட் ஸ்டேட் ஆட்டோமேட்டான்னு சொல்றதைத் தமிழ்ல முடிவுறு நிலைப் பொறின்னு எழுதுறாங்க. அந்த நிலை வேற, நம்ம மரநிலை வேற, கறாரா சொன்னா கட்டுதான் ஸ்டேட், கதவைத் தாண்டுறது டிரான்சிஷன், ஆனாலும் இந்தப் பொருத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 'வீடு'ன்னு சொல்லி முகப்புல ஏறுங்க, 'கள்'னு சொன்னா வளவு திறக்கும், 'இல்', 'இருந்து'ன்னா ரெண்டாங்கட்டு, 'உம்'னு சொல்லிட்டுப் பின்வாசல் வழியா வெளிய வந்துட்டீங்கன்னா சொல் சரி. 'வீட்டிலிருந்துகள்'னு ஒருத்தர் வந்தா ரெண்டாங்கட்டுல 'கள்'ளுக்குக் கதவே கிடையாது, அங்கயே நிக்க வேண்டியதுதான். 80 சொல்லை எழுதி வைக்க வேணாம், பத்துப் பன்னெண்டு கதவு போதும், அதே கதவு வழியா ஓடும் நாடும் தோடும் போகும்.

புதுவயல் வாசகர்: நாங்க பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணின பகுபத உறுப்பிலக்கணம் இதுக்கு உதவுமா?

உதவுமாவா, அதுதாங்க வீட்டோட பிளானே! பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம்னு ஆறு உறுப்பை 13ஆம் நூற்றாண்டுல நன்னூல்ல பவணந்தி முனிவர் சொல்லிட்டாரு. 'வந்தான்'ல வா 'வ' ஆச்சு, த் 'ந்' ஆச்சு, அப்புறம் த், ஆன். கம்ப்யூட்டருக்கு இந்த மாற்றத்தைச் சொல்லிக்குடுக்க 1983ல பின்லாந்துக்காரர் கிம்மோ கோஸ்கென்னியெமி ஒரு வழி காட்டினார், ஃபின்னிஷும் நம்ம மாதிரி விகுதியை ஒட்டிக்கிட்டே போற மொழி. ரெண்டு வரி வெச்சுக்கணும், மேல் வரியில 'மரம், பன்மை, இடம்', கீழ் வரியில 'மரங்களில்'. ஒரே பொறி மேலேர்ந்து கீழ வந்தா சொல்லை உண்டாக்கும், கீழேர்ந்து மேல போனா பிரிச்சுக் காட்டும். தமிழுக்கும், இந்த மாதிரிப் பொறி கட்டுற ஃபோமாங்கிற கருவியில தமிழிமார்ஃப்னு செஞ்சு 2021ல கட்டுரையா வந்திருக்கு.

நானும் ஒரு ராத்திரி ஃபோமாவை வெச்சுக்கிட்டு உக்காந்தேன். முதல்ல 'மரமில்'னு துப்புச்சு, அத்துச் சாரியையை மறந்திருக்கேன். சரின்னு 'கடைசி ம் போய் த்து வரணும்'னு எழுதினேன், மரத்தில், குளத்தில் எல்லாம் ஜோரா வந்துச்சு, 'ரூம்' போட்டேன், 'ரூத்தில்'னு வந்துச்சு! சிரிச்சு முடிச்சு அப்புறம்தான் உறைச்சுது, ம்முக்கு முன்னாடி அகரம் இருக்கான்னு பாக்கணும்னு. இலக்கணத்தை நாம எவ்வளவு அரைகுறையா வெச்சிருக்கோம்னு மெஷின் மூஞ்சிக்கு நேரா சொல்லிரும். நாள்களா நாட்களாங்கிற சண்டையையும் அது தீர்க்காது, நீங்க முடிவு பண்ணிக் கதவு வெச்சா திறக்கும், அவ்வளவுதான்.

காரைக்குடி மாணவி: சொல்லுக்கு முடியுதுன்னா வாக்கியத்துக்கும் இதே போதுமா சார்?

போதாதும்மா. இந்தப் பொறிக்கு எந்தக் கட்டுல நிக்கிறோம்னு மட்டும்தான் தெரியும், வரும்போது கையில என்னென்ன கொண்டு வந்தோம்னு ஞாபகம் இருக்காது. 'அப்பத்தா தம்பி மழை வரும்னு சொன்னான்னு நினைச்சாக'ன்னு ஒரு வாக்கியம். அப்பத்தா, தம்பி, மழைன்னு மூணு பேரு வரிசையா உள்ள போறாங்க, வினை வரும்போது மழைக்கு வரும், தம்பிக்குச் சொன்னான், அப்பத்தாவுக்கு நினைச்சாகன்னு தலைகீழா வருது. கல்யாண வீட்டுல தாம்பாளம் அடுக்கினா கடைசியா வெச்சதுதானே முதல்ல கைக்கு வரும், அந்த அடுக்கு இல்லாம இதைச் சரிபாக்க முடியாது. இப்படி ஒண்ணுக்குள்ள ஒண்ணா எத்தனை வேணா அடுக்கலாம்ங்கிறதால கட்டு எண்ணிக்கையைக் கூட்டியும் பிரயோஜனம் இல்ல. இங்கிலீஷுக்கு இதை மொழியியலாளர் சாம்ஸ்கி 1956லயே காட்டிட்டாரு. அடுக்கு வெச்ச இலக்கணத்துக்குப் பேரு கான்டெக்ஸ்ட் ஃப்ரீ கிராமர். சுவிஸ் ஜெர்மனுக்கு அதுவும் பத்தாதுன்னு 1985ல ஷீபர்ங்கிற ஆய்வாளர் எழுதினார், அங்க முதல்ல வந்தவருக்கு முதல் வினை, அதாவது தாம்பாளத்தை அடியிலேர்ந்து உருவணும்!

திருப்பத்தூர் வாசகர்: ஏஐ வந்தப்புறமும் இந்த விதி எழுதுற வேலை எதுக்கு?

நியாயமான கேள்வி. ஏஐ நிறைய படிச்சு நிறைய பழகுது, நம்மூர் 'வந்தாக, போனாக' எழுத்துல கொஞ்சமாத்தான் இருக்கு, அதைப் பாத்துப் பழக அதுக்கு வாய்ப்பும் கொஞ்சம்தான். விதிப்பொறியில 'ஆக'ன்னு மரியாதை விகுதி ஒரே வரி, சேத்தேன், 'மாமா வந்தாக' டக்குனு பிரிஞ்சுது. மறுநாள் 'வந்தாக வேண்டும்'னு குடுத்தேன், அதுக்கும் மாமா வந்துட்டாருன்னு சொல்லுது. அடுத்த சொல்லை எட்டிப் பாத்துட்டுத் திறக்கிற மாதிரி ஒரு கதவு இப்பத்தான் இழைச்சுக்கிட்டு இருக்கேன்.