வளரும் நாடுகளில் தலை, கழுத்துப் புற்றுநோய் ஏன் வேறு மாதிரி வருகிறது?

பணக்கார நாடுகளில் தொண்டைப் பக்கம் கூடிவரும் புற்றுநோய், தெற்காசியாவில் வாயில் அதிகம் வருவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் பழக்கம்தான் காரணம்.

மேலை நாடுகளில் புகைப்பழக்கம் குறைந்தது. ஆனால் எச்பிவி எனும் மனித பாப்பிலோமா வைரஸால் டான்சிலிலும் நாக்கின் பின்பக்க வேர்ப்பகுதியிலும் வரும் புற்றுநோய் கூடியது. தெற்காசியாவில் கதை வேறு. பாக்கையும் புகையிலையையும் கன்னத்தில் அடக்கி வைக்கிறார்கள். எங்கே அடக்குகிறார்களோ, பெரும்பாலும் அங்கேயே, கன்னத்தின் உட்புறத்திலோ ஈறோரத்திலோ, கட்டி கிளம்புகிறது. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கு ஒன்றும் செய்யாது என்று நம்புகிறவர்கள் நிறைய. அது தவறு. பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அறிவித்துவிட்டது. வாயின் உட்சதை நார்போல இறுகி, வாயைத் திறக்கவே முடியாமல் போவதும் பாக்கின் வேலைதான்.

அப்புறம், எல்லா வளரும் நாடுகளும் ஒன்றல்ல. தென்கிழக்கு ஆசியாவில் மூக்கின் பின்புறத் தொண்டையில் வருவது அதிகம். அதில் எப்ஸ்டீன்-பார் வைரஸுக்குப் பங்கு உண்டு.

எனக்கு உறுத்துவது தாமதம்தான். கண்ணாடியில் பார்த்தாலே தெரிகிற இடம், ஆனாலும் பலர் நோய் முற்றிய மூன்றாம், நான்காம் நிலையில்தான் மருத்துவமனைக்கு வருகிறார்கள். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது, அதுதான் சிக்கல். இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண்ணை, வலிக்காவிட்டாலும், மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.