போய்ச் சேர்ந்தவர்கள்

வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர், முப்பத்து மூன்று வருடம் வருவாய்த் துறையில் இருந்து, தேர்தல் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவர்.

இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் எஸ்.ஐ.ஆர்.தான், அதாவது வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று கேட்டு எழுதியவர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வரைவுப் பட்டியலில் 97 லட்சம் பேர் காணாமல் போய்விட்டார்கள். அப்படியானால் இத்தனை வருடமும் 97 லட்சம் கள்ள ஓட்டா விழுந்தது? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், குளித்தலை)

இல்லை ஐயா. பட்டியலில் பெயர் கிடப்பது வேறு, அந்தப் பெயரில் ஓட்டு விழுவது வேறு. 2025 டிசம்பர் 19 அன்று வெளியான தமிழ்நாட்டு வரைவில் 6.41 கோடி பெயர் 5.43 கோடியாகச் சுருங்கியது. போனவர்களில் சுமார் 27 லட்சம் பேர் இறந்தவர்கள். 66 லட்சத்துக்கு மேல் வீடு மாறியவர்கள், தேடிப் போனபோது கிடைக்காதவர்கள். இரட்டைப் பதிவு 3.39 லட்சம். மேடையில் தொண்டை கிழியப் பேசப்பட்ட ‘அந்நியர்’ என்ற தலைப்பே அந்தக் கணக்கில் இல்லை.

இறந்தவர் பெயர் ஏன் பட்டியலில் தங்குகிறது? வீட்டில் ஒரு சாவு விழுந்தால் இறப்புச் சான்று வாங்குகிறோம். பேங்க் கேட்கிறது, எல்.ஐ.சி. கேட்கிறது. ரேஷன் கார்டில் பெயர் எடுக்கக்கூடச் சிலர் ஆறப்போடுவார்கள். பெயரை நீக்கக் கேட்கும் படிவம் 7 எழுதிக்கொண்டு, “எங்க அப்பா பேரை எடுத்துருங்க சார்” என்று வந்த பிள்ளைகளை என் சர்வீஸில் விரல்விட்டு எண்ணிவிடலாம். எடுத்தால் லாபமில்லை, விட்டால் நஷ்டமில்லை. அதனால் பெரியவர் பட்டியலில் இருபது வருடம் சும்மா இருப்பார். அப்படிச் சும்மா இருக்கும் பெயர் மாலை நாலு மணிக்கு மேல் சில கட்சி ஏஜென்ட்டுகள் கண்ணில் படும். அதையும் பார்த்திருக்கிறேன், மறைக்க மாட்டேன். களை எடுக்கத்தான் வேண்டும். எடுக்கிற கை களை எது பயிர் எது என்று பார்த்து எடுக்கிறதா என்பதில்தான் எனக்குச் சண்டை.

கேள்வி: நாங்கள் ஆற்றோரத்தில் இருந்தோம். வீட்டை இடித்து இங்கே அனுப்பினார்கள். ஓட்டு மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது, தேர்தலுக்கு பஸ் ஏறிப் போய்ப் போட்டு வருவோம். இப்போது அதுவும் இல்லை என்கிறார்கள். (வாசகி, பெரும்பாக்கம், சென்னை)

அம்மா, உங்கள் கேள்வியில்தான் சென்னைக் கணக்கின் ஒரு பகுதி இருக்கிறது. சென்னை மாவட்டத்தில் 40 லட்சம் பெயரில் 14.25 லட்சம் வரைவில் வரவில்லை. மூன்றில் ஒன்றுக்கும் மேல்! பதினோரு மாத அக்ரிமென்ட்டில் வாடகைக்கு இருக்கிற ஊர் அது. அதோடு கூவம், அடையாறு கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் வேறு. பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) பழைய கதவு எண்ணைத் தேடிப் போனால் அங்கே கதவும் இருக்காது, எண்ணும் இருக்காது. ‘இடம் மாறியவர்’ என்று எழுதுவார். அவர் எழுதியதில் பொய் இல்லை. ஆனால் மாற்றியது யார் என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

செய்ய வேண்டியது: வரைவில் பெயர் இல்லாததால் முகவரி மாற்றும் படிவம் 8 பயன்படாது. புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6, கூடவே உறுதிமொழிப் படிவம், இப்போது குடியிருக்கும் பெரும்பாக்கம் முகவரியில். வரைவு மீதான மனுவுக்கு முதலில் குறித்த கெடு 2026 ஜனவரி 18. கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் இடத்தைவிட்டு நகராதீர்கள். பழைய இடத்திலும் ஒன்று இருக்கட்டும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பொய்யான உறுதிமொழிக்கு 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை இருக்கிறது.

கேள்வி: ஒருவர் பெயரை நீக்கும் முன் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். 97 லட்சம் பேருக்கு நோட்டீஸ் போனதா? (சட்டக் கல்லூரி மாணவர், மதுரை)

தம்பி, சரியான முடிச்சைப் பிடித்திருக்கிறீர்கள். 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, ‘இவர் இங்கே குடியில்லை’ என்று சொல்லிப் பெயரை எடுப்பதற்கு முன் அவர் தரப்பைக் கேட்கச் சொல்கிறது. ஆனால் எஸ்.ஐ.ஆர். என்பது 21ஆம் பிரிவின் கீழ் புதிதாகத் தயாரிக்கும் பட்டியல் என்றது தேர்தல் ஆணையம். வீடு வீடாகக் கொடுத்த கணக்கீட்டுப் படிவம் திரும்பி வந்தவர் பெயர் வரைவில் ஏறும். வராதவர் பெயர் ஏறாது. எனவே அது நீக்கம் அல்ல, சேர்க்காமை. வரைவில் ஏறிய பிறகு எடுப்பதென்றால்தான் நோட்டீஸ், விசாரணை, காரணம் எழுதிய உத்தரவு எல்லாம்.

பந்தியில் உட்கார்ந்தவனை எழுப்பிவிட்டால் அவமானம். இலையே போடாமல் விட்டால் அவமானம் இல்லையாம். சட்டப்படி இது நிற்குமா என்பது உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியது, ஏ.டி.ஆர். (ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம்) உள்ளிட்டோர் அங்கே வழக்குப் போட்டார்கள். பீகாரில் 65 லட்சம் பேர் வரைவில் விடுபட்டபோது, பெயர்களைக் காரணத்தோடு வெளியிடுங்கள் என்று 2025 ஆகஸ்ட் 14 அன்று அதே நீதிமன்றம் உத்தரவு போட்டது. அது வரும்வரை யார் விடுபட்டார், ஏன் விடுபட்டார் என்று பொதுமக்கள் பார்க்க வழியில்லை.

நீங்கள் படிக்க வேண்டிய வழக்கு ஒன்று: 1995, லால் பாபு உசேன். டெல்லியிலும் மும்பையிலும் குடிசைப் பகுதி மக்களை, ஏற்கெனவே பட்டியலில் இருந்தவர்களை, குடியுரிமையை நிரூபிக்கச் சொல்லி நோட்டீஸ் அனுப்பினார்கள். உச்ச நீதிமன்றம் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்: ஒருவர் பெயர் பட்டியலில் இருந்தால், முன்பிருந்த அதிகாரி சரிபார்த்துத்தான் ஏற்றியிருப்பார் என்று எடுத்துக்கொள், சந்தேகம் உனக்கு என்றால், ஆதாரத்தை அவர் முன் வைத்து, அவர் பதிலைக் கேள். அந்தத் தீர்ப்பு வந்தபோது நான் சர்வீஸில் இருந்தேன். எங்கள் அலுவலகத்தில் யாரும் அதைப் படிக்கவில்லை, நான் உட்பட.

கேள்வி: முந்தைய தீவிரத் திருத்தத்தின் 2002 பட்டியலில் என் பெயரைத் தேடித் தேடிக் கண் பூத்துவிட்டது. அண்ணன்கள் பெயர் உடனே கிடைத்தது. எனக்கு மட்டும் ஏன்? (தையல் ஆசிரியை, விருதுநகர்)

அண்ணன்கள் பிறந்த வீட்டிலேயே இருக்கிறார்கள், அதனால்தான். அப்போது உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் புருஷன் வீட்டுத் தெரு வரும் பாகத்தில் (பட்டியலின் ஒரு பகுதி) இருக்கும். ஆகாமல் இருந்தால் அப்பா வீட்டில். இன்ஷியல் மாறியிருக்கும். அட்டையில் பொன்னுத்தாய், பட்டியலில் பொண்ணுத்தாயி. ‘க’ அப்பா இன்ஷியலா புருஷன் இன்ஷியலா என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பெயரைப் போட்டுத் தேடாமல், அந்தக் காலத்துத் தெருவை வைத்துப் பாகத்தைப் பிடித்து, வரிசையாக வாசித்துப் பாருங்கள். கிடைக்காவிட்டால் அப்பா அம்மா பெயர் இருக்கும் பக்கத்தைக் காட்டலாம்.

பெண்கள் பெயரில் இந்த வம்பு புதிதல்ல. நாட்டின் முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது வடக்கே பல மாநிலங்களில் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. ‘இன்னாருடைய மனைவி’, ‘இன்னாருடைய மகள்’ என்றே பதிந்தார்கள். சரியான பெயர் கொடுங்கள் என்று முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அவகாசம் கொடுத்தும் வராமல், சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவு போயிற்று. அவர்களில் யாரும் போலி இல்லை.

கேள்வி: பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் ‘சேலஞ்ச் ஓட்டு’ போடலாம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே? (மளிகைக் கடைக்காரர், திருத்துறைப்பூண்டி)

முடியாது. சேலஞ்ச் என்பது ஏஜென்ட் உங்களைப் பார்த்து ‘இவர் அவர் இல்லை’ என்று ஆட்சேபிப்பது. அதற்கு அவர் இரண்டு ரூபாய் கட்ட வேண்டும். ஆமாம், இன்றைக்கும் இரண்டே ரூபாய்! உங்கள் பெயரில் வேறொருவர் போட்டுவிட்டுப் போயிருந்தால் கிடைப்பது ஆய்வுக்குரிய ஓட்டு. இரண்டுக்குமே பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்.

கேள்வி: ஆதார் இருந்தால் குடிமகன்தானே? (வாசகர், ஓசூர்)

இல்லை. அது ஆள் யார் என்று காட்டும், எந்த நாட்டவர் என்று காட்டாது. அடையாளத்துக்கான பன்னிரண்டாவது ஆவணமாக அதை ஏற்கச் சொல்லி 2025 செப்டம்பர் 8 அன்று பீகார் வழக்கில் உத்தரவானது, அவ்வளவுதான்.

கேள்வி: முகாமில் பிறந்த இலங்கைத் தமிழருக்கு ஓட்டு உண்டா? (கல்லூரிப் பேராசிரியை, திருச்சி)

பிறந்த தேதியைப் பொறுத்தது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்புவரை இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பால் குடிமகன். பெற்றோர் யார் என்ற கேள்வியே இல்லை. உங்கள் ஊர்க் கொட்டப்பட்டு முகாமில் இருக்கும் ஒரு பெண், 1986இல் மண்டபம் என்ற ஊரில் பிறந்தவர், உயர் நீதிமன்றம் போய்ப் பாஸ்போர்ட் வாங்கி, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். இரண்டு வருடம் கழித்து ஒரு தங்கை பிறந்திருந்தால் அவருக்கு அந்த வழி இருந்திருக்காது. தேதி அப்படி.

கேள்வி: அமெரிக்காவிலும் இதே சண்டை என்கிறார்களே? (மகன் அங்கே இருக்கும் ஒரு தாய், கோவை)

ஆமாம் அம்மா. அங்கே 1993இல் ஒரு சட்டம் போட்டார்கள். தேசிய அளவிலான தேர்தலுக்கு 90 நாள் இருக்கும்போது மொத்தமாகப் பெயர் எடுக்கும் வேலையை நிறுத்திவிட வேண்டும். வீடு மாறினார் என்று சந்தேகம் என்றால் கார்டு போட வேண்டும். பதில் வராவிட்டாலும் இரண்டு தேர்தல் கடக்கும்வரை பெயர் இருக்கும். ஒஹையோ மாநிலத்தில் இரண்டு வருடம் ஓட்டுப் போடாததையே சந்தேகத்துக்குக் காரணமாக்கிக் கார்டு போட்டார்கள். 2018இல் அவர்கள் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில். சாவதானமாகச் செய்கிற அந்த ஏற்பாட்டிலேயே இத்தனை வழக்கு. நமக்குக் கிடைத்தது ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஒரு மாதமும் சில்லறை நாட்களும்.

கேள்வி: நான் பி.எல்.ஓ. மூன்று தடவை போகச் சொன்னார்கள், போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டில் கேட்டு எழுதினேன். இப்போது எல்லாரும் என்னை ஏசுகிறார்கள். வேறு என்ன செய்திருக்க முடியும்? (அங்கன்வாடி பணியாளர், பெயரும் ஊரும் வேண்டாம் என்கிறார்)

நீங்கள் செய்ததை நானும் செய்திருக்கிறேன் அம்மா, மழையும் செல்போன் ஆப்பும் இல்லாமலேயே. 1997இல் நான் வருவாய் ஆய்வாளர். தாமிரபரணிக் கரையில் ஒரு ஊருக்குப் பட்டியல் சரிபார்க்கப் போனேன். ஒரு வீடு பூட்டியிருந்தது. திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மாவிடம், “இந்த வீட்டு ஆச்சி எங்கே?” என்றேன். தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், “ஆச்சி போய்ச் சேந்து ஆறு மாசமாச்சே” என்றார். பேனாவை எடுத்தேன், ‘இறப்பு’ என்று எழுதினேன், அடுத்த வீட்டுக்குப் போனேன்.

ஆச்சி போய்ச் சேர்ந்தது தாராவிக்கு. மகளின் பேறுகாலத்துக்குப் போயிருந்தார். 1998 பிப்ரவரியில் தேர்தலன்று திரும்பி வந்து வரிசையில் நின்றார். பட்டியலில் பெயர் இல்லை. பிரிசைடிங் ஆபீசர் கையை விரித்தார், அவரால் வேறொன்றும் முடியாது. வெளியே ஜீப்பில் இருந்த என்னிடம் அழைத்து வந்தார்கள். கையில் ரேஷன் கார்டு. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஏய்யா, நான் போய்ச் சேந்தேன்னு எழுதினது நீதானா?” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அந்த வீட்டில் ஒரு கடுதாசியைச் செருகிவிட்டு வந்திருக்கலாம். பம்பாய் விலாசத்தைக் கேட்டிருக்கலாம். இறந்த தேதி என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூடப் போதும், பீடி சுற்றிய அம்மா நிமிர்ந்து பார்த்திருப்பார். நீங்கள் இப்போது செய்யக்கூடியது அதுதான்: ‘இடம் மாறியவர்’ என்று எழுதிய வீடுகளில் ஒரு பத்து வீட்டுக்காவது போன் நம்பர் தேடிப் பேசிப் பாருங்கள். ஆள் கிடைத்தால் படிவம் 6 கொடுக்கச் சொல்லுங்கள். மனு தள்ளுபடியானால் 15 நாளுக்குள் கலெக்டரிடமும், அதற்கு மேல் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு உண்டு என்பதையும் சொல்லிவையுங்கள்.

அடுத்த திருத்தத்தில் ஆச்சி பெயரை நானே எழுதிச் சேர்த்தேன். 1999 செப்டம்பர் தேர்தலில் அதே பள்ளிக்கூடத்துக்கு வந்தார். ஓட்டுப் போட்டுவிட்டு, மை வைத்த விரலை ஜீப் ஜன்னலுக்குள் நீட்டி, “இப்ப எங்கன இருக்கேன்னு எழுதிக்கோ” என்றார்.