மூச்சு கேட்கிற பாட்டு

பாலக்காட்டு எல்லைப் பகுதியிலிருந்து எழுதும் இசை ரசிகர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.

கேள்வி: பழைய பாட்டு, புதுப் பாட்டு என்று பிரிக்காமல் எழுதுகிறீர்கள். இன்று வருகிற பாட்டுகளில் உங்களுக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்ல முடியுமா?
— வாசகர், மீனாட்சிபுரம்

பதில்: சொல்கிறேன். பாடுகிறவர் மூச்சு வாங்குவது காதில் விழுந்தால் எனக்கு அந்தப் பாட்டு பிடித்துவிடுகிறது. அந்த மூச்சை வெட்டி எறிந்துவிட்டு, இழைப்புளி போட்டு இழைத்த பலகையைப்போல் குரலை ஆக்கிக் கொடுத்தால் பிடிப்பதில்லை. என் விருப்பும் வெறுப்பும் பெரும்பாலும் இந்த ஓரிடத்தில்தான் பிரிகின்றன.

2018இல் வந்த ‘96’ படத்துக்குக் கோவிந்த் வசந்தா அமைத்த பாட்டுகளை இன்றும் சலிக்காமல் கேட்கிறேன். தைக்குடம் பிரிட்ஜ் குழுவில் வயலின் வாசித்து வளர்ந்தவர் என்பதாலோ என்னவோ, குரலுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பது எப்படி என்று அவருடைய வாத்தியங்களுக்குத் தெரிந்திருக்கிறது. பிரதீப் குமாரும் சின்மயியும் அந்தப் படத்தில் பாடுவதைக் கேட்டால், பக்கத்து நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்து பாடுவதுபோல் இருக்கும். 2021இல் தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையமைத்த ‘என்ஜாய் எஞ்சாமி’யும் எனக்கு மிகவும் பிடித்தது. ஒப்பாரியின் இழுப்பை ஆட்டத்துக்குரிய தாளத்தின்மேல் ஏற்றி, தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர்களின் நினைவை அதில் வைத்தார்கள். நெல்லியாம்பதி மலைத் தோட்டங்களில் பாடுபட்ட தமிழ்க் குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. அந்த வீடுகளில் இந்தப் பாட்டு ஒலித்தபோது பாட்டிமார்கள் பேச்சை நிறுத்திக் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

பிடிக்காதது, விலகிய சுரத்தை மென்பொருளால் நேராக்கும் சுருதித் திருத்தத்தை அளவில்லாமல் போடுவது. 1997இல் ஆன்ட்டாரிஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் ‘ஆட்டோ-டியூன்’ மென்பொருளை வெளியிட்டது. அதை உருவாக்கிய ஆன்டி ஹில்டபிராண்ட், அதற்கு முன்பு பூமிக்கடியில் எண்ணெய் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதற்காக அதிர்வலைகளை அலசும் துறையில் இருந்தவர். அளவோடு பயன்படுத்தினால் அது இருப்பதே தெரியாது. திருத்தும் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால், குரல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகாமல் தாவத் தொடங்குகிறது. 1998இல் ஷெர் பாடிய ‘பிலீவ்’ பாட்டில் அந்தத் தாவலையே வேண்டுமென்று அழகாக்கிக் காட்டினார்கள், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் நம் பாட்டு சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் உயிர்வாழ்வது. தோடி ராகத்தின் காந்தார சுரத்தை அசைக்காமல் பாடினால் அது தோடியாகவே இராது. தாலாட்டும் நாட்டுப்பாடலும் அப்படித்தான். அந்த அசைவைப் பிழை என்று எண்ணி மென்பொருள் நிமிர்த்தும்போது, ஆற்றங்கரைச் சரிவாக இருந்தது சிமென்ட் படிக்கட்டாகிவிடுகிறது.

இன்னொரு நஷ்டமும் உண்டு. சில மாதங்களுக்கு முன்பு கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்குத் தனியார் பேருந்தில் போனேன். நான்கு புதுப் பாட்டுகள் வரிசையாக ஒலித்தன. நான்கையும் பாடியவர் ஒருவரா நால்வரா என்று எனக்கு விளங்கவில்லை. ஐந்தாவதாக, 1984இல் ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்துக்காக ஜெயச்சந்திரன் பாடிய ‘ராசாத்தி உன்ன’ வந்தது. முருங்கைக்காய்க் கட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள், முதல் சொல் முடிவதற்குள், “ஜெயச்சந்திரனாக்கும்” என்று பக்கத்திலிருந்த பேத்தியிடம் சொன்னார். 2025 ஜனவரியில் திருச்சூரில் மறைந்த அந்த மனிதரை அடையாளம் காண அவருக்கு ஒரு சொல் போதுமானதாக இருந்தது. இன்று பாடுகிற பிள்ளைகளுக்கும் அப்படிப்பட்ட குரல்கள் இருக்கின்றன என்று நான் நம்புகிறேன். அவற்றை நமக்குக் கேட்கக் கொடுக்காமல் வைத்திருப்பதுதான் என் வருத்தம்.

கேள்வி: அனிருத் பிடிக்குமா, பிடிக்காதா? ஒரே சொல்லில் பதில் வேண்டும்.
— வாசகர், கோபாலபுரம்

பதில்: பிடிக்கும். 2012இல் வந்த அவருடைய முதல் படமான ‘3’இன் மெல்லிசைப் பாட்டுகளுக்காகவும், சோகத்தை அவரே பாடும்போது தொண்டையில் வந்து நிற்கும் அந்தக் கரகரப்புக்காகவும் பிடிக்கும். கதாநாயகன் நடந்து வருவதற்கென்று போடப்படும் முழக்கப் பாட்டுகள் திரையரங்கத்தில் உடம்பைச் சிலிர்க்க வைக்கின்றன என்பதை மறுக்க மாட்டேன். வீட்டுக்கு வந்தபின் அவற்றை மறுபடியும் கேட்க எனக்குத் தோன்றியதில்லை.

கேள்வி: ஸ்வர்ணலதா நம் பக்கத்தில் பிறந்தவர் என்று சொன்னால் என் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். அவரைப்பற்றி எழுதுங்களேன்.
— வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: நம்பச் சொல்லுங்கள். நம் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில், உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் அத்திக்கோட்டில் 1973இல் பிறந்தவர் அவர். 1987இல் ‘நீதிக்குத் தண்டனை’ படத்தில், பாரதியாரின் ‘சின்னஞ்சிறு கிளியே’யை யேசுதாஸுடன் பாட வைத்து அவரை அறிமுகப்படுத்தியவர் எம்.எஸ். விஸ்வநாதன். அந்த விஸ்வநாதன் 1928இல் பிறந்தது இதே மாவட்டத்து எலப்புள்ளியில். எலப்புள்ளிக்காரர் ஒருவர் அத்திக்கோட்டுப் பெண்ணுக்குச் சென்னை ஒலிப்பதிவுக் கூடத்தில் கதவு திறந்துவிட்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. அப்போது அவருக்கு வயது பதினான்குதான்.

1994ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டுங்கள். ‘கருத்தம்மா’ படத்தின் ‘போறாளே பொன்னுத்தாயி’ பாட்டுக்காகச் சிறந்த பாடகி விருது ஸ்வர்ணலதாவுக்கு. சிறந்த பாடகர் விருது, அதே பாலக்காட்டில் பிறந்த பி. உன்னிகிருஷ்ணனுக்கு. இரண்டுக்கும் இசை ஏ.ஆர். ரஹ்மான். எங்கள் மாவட்டம் அந்த ஒரே ஆண்டில் தமிழ்ப் பாட்டுக்காக இரண்டு விருதுகளையும் வாங்கியது.

அந்தப் பாட்டை இன்றிரவு, வீட்டில் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். ‘போறாளே’ என்பதை அவர் ஓங்கிப் பாடவில்லை. அழுது முடித்து, இனி அழக் கண்ணீர் இல்லாதவள் பேசுவதுபோல் எடுக்கிறார். சொல்லின் கடைசியில் குரல் லேசாகத் தளர்கிறது, அந்தத் தளர்ச்சியில்தான் முழுப் பாட்டும் நிற்கிறது. இன்றைய முறையில் ஒருவர் உட்கார்ந்து அந்த இடத்தை நிமிர்த்தியிருந்தால், சுருதி சுத்தமாக இருந்திருக்கும், பொன்னுத்தாயி மட்டும் இருந்திருக்க மாட்டாள். 2010 செப்டம்பரில், 37 வயதில், அவர் போய்விட்டார். அதற்குள் அவர் பாடிவிட்டுப் போனவற்றின் நூறில் ஒரு பங்கையாவது நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: நான் முப்பது ஆண்டுகளாகச் சங்கீதம் சொல்லிக் கொடுக்கிறேன். சுருதிப்பெட்டி வைத்துப் பயிலாத அட்டப்பாடி நஞ்சம்மாவுக்குத் தேசிய விருது கொடுத்தது, ஆயுள் முழுவதும் சாதகம் செய்தவர்களை அவமதித்ததாகாதா?
— சங்கீத ஆசிரியர், பாலக்காடு

பதில்: உங்கள் முப்பது ஆண்டு உழைப்பின்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு; ஆனாலும் இந்தக் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. 2020ஆம் ஆண்டுக்கான விருதை ‘அய்யப்பனும் கோஷியும்’ மலையாளப் படத்தில் இருளர் பழங்குடியினரின் மொழியில் பாடிய பாட்டுக்காக நஞ்சம்மா பெற்றார். 2022 ஜூலையில் அது அறிவிக்கப்பட்டது. அதே பட்டியலில் சிறந்த பாடகராகத் தேர்வானவர் ராகுல் தேஷ்பாண்டே, இந்துஸ்தானி சங்கீதத்தை முறையாகப் பயின்று மேடையேறியவர். சாதகத்துக்கும் மரியாதை செய்தார்கள், மலையின் குரலுக்கும் மரியாதை செய்தார்கள். ஒன்றைக் கொடுத்ததால் மற்றொன்று குறைந்துவிடவில்லை.

நஞ்சம்மாவும் பயின்றவர்தான் ஐயா. ஆடு மேய்க்கிற வழியிலும் ஊர்க் கொண்டாட்டத்திலும் கூடவே பாடிப் பாடி ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற பாடம், நம் வகுப்பறைப் பாடத்தைவிட நீளமானது. அந்தப் பாட்டின் மொழி நம் தமிழ்க் காதுக்கு முக்கால்வாசி புரிகிறது, மீதியை அவர் குரலே விளங்க வைத்துவிடுகிறது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பாடுகிற ஒரு மூதாட்டியின் அந்த அவசரமின்மையை எந்தப் பாடகியாவது பயிற்சியால் கொண்டுவர முடியுமா என்று நீங்களே பாடிப் பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் பதிலை இங்கே வெளியிட ஏற்பாடு செய்கிறேன்.

கேள்வி: இரண்டாவது சரணம் எங்கே போயிற்று? பாட்டு தொடங்குவதற்குள் முடிந்துவிடுகிறது.
— வாசகர், வேலந்தாவளம்

பதில்: எனக்கும் இதே குறைதான், ஆனால் நீளம் குறைந்ததை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்து 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று கூடுதலாகத்தான் பாட்டு அடங்கும். அந்த அளவுக்குள் ஒரு வாழ்க்கையையே பாடி வைத்தவர்கள் உண்டு. சித்தூரில் பிறந்த பி. லீலாவின் பழைய பாட்டுகளைக் கேட்டால் தெரியும். இப்போதைய சிக்கல், நிமிடங்களை எங்கே செலவு செய்கிறார்கள் என்பது. ஸ்பாட்டிஃபையில் ஒருவர் 30 விநாடி கேட்டுவிட்டால் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு ஏறுகிறது. ஆகவே, கவர்ச்சியான வரியை முதலிலேயே வைத்து, அதையே நான்கைந்து முறை திருப்பிப் பாட வைக்கிறார்கள். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே இளையராஜா வயலின்களையும் புல்லாங்குழலையும் பேச விடுவாரே, அந்த இடையிசைக்கு இடமில்லாமல் போய்விட்டது. இரண்டாம் சரணத்துக்கு வருவதற்கு முன்பு கேட்பவர் மனத்தை வேறோர் இடத்துக்கு அழைத்துச் சென்ற பாதை அது. பாதையே இல்லாதபோது சரணம் மட்டும் எதற்கு என்று நினைத்துவிட்டார்கள் போலும்.

கேள்வி: நான் கல்லூரியில் படிக்கிறேன், கோயில் திருவிழாக் கானமேளாக்களில் பாடுகிறேன். அண்மையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பக்திப் பாடல் ஒன்று பாடினேன். பதிவாகி வந்ததைக் கேட்டபோது அது என் குரலாகவே இல்லை. அம்மாகூட, “இது யாரு பாடினது?” என்று கேட்டார். நான் நன்றாகப் பாடவில்லை என்றுதானே இதற்குப் பொருள்?
— வாசகி, முதலமடை

பதில்: இல்லவே இல்லை. உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் குரலைத் திருத்தியது அவர்கள் செய்த தவறு, அதை உங்கள் பாட்டின் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பல இடங்களில் பாடகர் வாசலைத் தாண்டுவதற்கு முன்பே, பாட்டு எப்படி இருந்தாலும், முழுக் குரலையும் அந்த மென்பொருளுக்குள் விட்டு எடுத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு வரியாகக் கேட்டுத் திருத்த அவர்களுக்கு நேரமில்லை.

அடுத்த முறை பாடப் போகும்போது, துண்டு துண்டாக எடுக்காமல் பல்லவியையாவது ஒரே மூச்சாகப் பாட விடும்படி கேளுங்கள். வரிகளுக்கு நடுவே விழும் மூச்சை வெட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். எங்கேனும் சுருதி விலகியிருந்தால், திருத்துவதற்குப் பதிலாக அந்த வரியை மறுபடி பாடித் தருவதாகச் சொல்லுங்கள். இளம் வயதில் இதற்குக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் குரல் உங்களுடையது. கடைசியில், திருத்திய கோப்பு ஒன்று, எதுவும் செய்யாத வெறும் குரல் கோப்பு ஒன்று என்று இரண்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் குரலை அம்மாவுக்குப் போட்டுக் காட்டுங்கள்.