யாரிஸா, யாரிஸ் குரொஸா: அழகுக்கு மாதம் எவ்வளவு கொடுக்கலாம்?

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் கொக்குவிலில் இருக்கிறோம். இரண்டு பேருக்கும் அரச உத்தியோகம். எனக்கு யாழ்ப்பாண நகரில், இவருக்குக் கிளிநொச்சியில். மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு ஒரு கார் எடுக்க இருக்கிறோம். எனக்கு ரொயோட்டா யாரிஸ் ஹைபிரிட் எக்ஸ் போதும். இவருக்கு யாரிஸ் குரொஸ் ஹைபிரிட் ஸெட்தான் வேண்டுமாம். "பார்க்க எடுப்பாக இருக்கும், அதுவும் ஹைபிரிட்தானே, பெற்றோல் குடிக்காது" என்கிறார். எங்களுக்குச் சொன்ன விலையில் 15 இலட்சம் ரூபாய் வித்தியாசம். அதை லீசிங்கில் போடலாமாம். மாதம் 1,500 கிலோமீற்றர் ஓடும். எதை எடுப்பது?

பதில்: தங்கச்சி, உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. இரண்டிலும் இருப்பது 1.5 லீற்றர் ஹைபிரிட் எஞ்சின்தான். ஆனால் 2020இல் ஜப்பானில் இவை வெளிவந்தபோது கொம்பனியே கொடுத்த கணக்கைப் பாருங்கள். யாரிஸ் எக்ஸ் லீற்றருக்கு 36 கிலோமீற்றர். குரொஸிலும் எக்ஸ் என்றொரு வகை உண்டு, அது 30.8. இவர் கேட்கிற குரொஸ் ஸெட் 27.8. எஞ்சின் மாறவில்லை, உருவமும் பாரமும் சில்லும்தான் மாறியிருக்கின்றன.

குரொஸ் 70 மில்லிமீற்றர் அகலம் கூட, 90 மில்லிமீற்றர் உயரம் கூட. காற்றை முட்டித் தள்ளுகிற முன்பக்கம் ஏறக்குறைய பத்து வீதம் பெருக்கிறது. பாரமும் 100 கிலோவுக்கு மேல் ஏறுகிறது. ஆஸ்பத்திரி வீதியில் நின்று நின்று போகும்போது காற்று ஒரு பொருட்டில்லை, பாரம்தான் பெற்றோலைத் தின்னும். கிளிநொச்சிக்குப் போகிற ஏ9 வீதியில் அப்படியில்லை. வேகம் 50இல் இருந்து 70க்கு ஏறினாலே காற்றின் எதிர்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். தென்மேற்குக் காற்றான சோளகம் அடிக்கிற மாதங்களில் ஆனையிறவு தாண்டித் தெற்கே போவது எப்படியிருக்கும் என்று இவரிடமே கேளுங்கள், மோட்டார் சைக்கிளில் நெஞ்சைக் கொடுத்து ஓடியவருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

குரொஸ் எக்ஸுக்கும் ஸெட்டுக்கும் நடுவே 3 கிலோமீற்றர் குறைவதில் சில்லுக்குப் பெரிய பங்குண்டு. எக்ஸுக்கு 16 அங்குலம், ஸெட்டுக்கு 18. அந்தப் பெரிய சில்லுதான் வண்டிக்கு எடுப்பைக் கொடுக்கிறது, உண்மைதான். ஆனால் 18 அங்குல ரயரின் விலை கூட, அதன் பக்கச் சுவரும் மெல்லியது. எங்கள் உள்வீதிக் குழிகளில் ஒருமுறை ஓங்கி விழுந்தால் ரயரோடு றிம்மும் போகலாம்.

இனிக் காசுக்கு வருவோம். ஜப்பான் கணக்கு எங்கள் றோட்டில் வராது. யாரிஸ் 25, குரொஸ் ஸெட் 20 என்று வைப்போம். 1,500 கிலோமீற்றருக்கு ஒன்று 60 லீற்றர், மற்றது 75. பெற்றோல் லீற்றர் 300 ரூபாய் என்றால் மாத வித்தியாசம் 4,500 ரூபாய். 2022 ஆனியில் ஏறியதுபோல 470 ஆனாலும் 7,050தான். "இவ்வளவுதானா?" என்று இவர் கேட்பார். கேட்கட்டும்.

அந்த 15 இலட்சத்தை 13 வீத வட்டியில் ஐந்து வருட லீசிங்கில் போட்டால் மாதத் தவணை ஏறக்குறைய 34,100 ரூபாய். முடிக்கும்போது கிட்டத்தட்ட 20 இலட்சத்து 50 ஆயிரம் கட்டியிருப்பீர்கள், அதில் ஐந்தரை இலட்சம் வெறும் வட்டி. பெற்றோலையும் சேர்த்தால் மாதம் 38,600. வீட்டில் நடக்கிற சண்டை பெற்றோலைப் பற்றியது, உங்கள் சம்பளத்தை உண்மையில் அரிக்கப்போவதோ தவணை. அரச சம்பளம் இரண்டு வந்தாலும் இது சின்னத் தொகை இல்லை.

குரொஸுக்காகவும் நான் ஒன்று சொல்லவேண்டும். யாரிஸின் அடிப்பகுதி நிலத்திலிருந்து 145 மில்லிமீற்றர், குரொஸுக்கு 170. கார்த்திகை மழையில் உங்கள் ஒழுங்கை முழங்காலுக்கு நிரம்புமென்றால் இரண்டையுமே இறக்கக்கூடாது. கணுக்கால் தண்ணியும் மேடுபள்ளமும்தான் என்றால் அந்த 25 மில்லிமீற்றர் உதவும். வயதான அம்மா அப்பாவுக்கு ஏறி இறங்கவும் உயரமான இருக்கை சுகம்.

"விற்கும்போது காசு திரும்பி வரும்" என்றும் சொல்லியிருப்பார்கள். 2020 பங்குனியில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 மாசியில்தான் திரும்பத் திறந்தது. நடுவில் பழைய கார்கள் விலை ஏறியது புதுசு வராததால். அந்த ஐந்து வருடத்தை வைத்து அடுத்த ஐந்து வருடத்துக்குக் கணக்குப் போடாதீர்கள்.

என் முடிவு யாரிஸ் எக்ஸ். இவருக்கு மனம் ஒப்பவே இல்லையென்றால் 16 அங்குலச் சில்லோடு குரொஸ் எக்ஸின் விலையைக் கேளுங்கள். தோற்றத்தில் முக்கால்வாசி அதிலேயே கிடைக்கும். ஆனால் வித்தியாசத்தை லீசிங்கில் ஏற்றாமல், இன்னும் ஒரு வருடம் சேர்த்து முற்பணத்தைக் கூட்டி எடுங்கள். எதை எடுத்தாலும் ஆறு மாதத் தவணைக்கான காசு நிலையான வைப்பில் இருக்கட்டும், முற்பணத்துக்கென்று அதை உடைக்கவேண்டாம். பிறகு கடையில் பெரிய அலோய் சில்லும் கூரைத் தாங்கியும் பூட்டுவதாக இருந்தால், இந்தக் கணக்கு முழுக்க வீண்.

கையெழுத்து வைக்க முன் இரண்டையும் ஒருமுறை உங்கள் ஒழுங்கைக்குள் கொண்டுவந்து, படலைக்குள் திருப்பிப் பாருங்கள். பின் இருக்கையில் அம்மா அப்பாவையும் ஏற்றிக்கொண்டு.