சிறு கலைக்கூடத்தில் கைவினை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஒரு வட்டாரத்துக் கலைஞர்கள் ஒன்றுசேர்ந்து, பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பைக் கொண்டு நடத்தும் சிறிய கலைக்கூடங்களைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இம்முறை பதில் தரப்படுகிறது.

கேள்வி: நான் மண்பாண்டங்கள் செய்பவள். எங்கள் பகுதியிலுள்ள சமூகக் கலைக்கூடம் என் பாண்டங்களைக் காட்சிக்கு வைத்து, விற்ற பிறகு பணம் தருவதாகச் சொல்கிறது. எல்லாரும் தெரிந்தவர்கள் என்பதால், எழுதித் தரும்படி கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கேட்பது முறையா?

பதில்: கேட்பதுதான் முறை. முகம் தெரியாத வியாபாரியோடு பிணக்கு வந்தால் அந்த வியாபாரம் மட்டும் போகும். தெரிந்தவர்களோடு வந்தால் நட்பும் சேர்ந்து போகும். விற்ற பின் பணம் என்ற இந்த ஒப்படைப்பு முறையில், பொருள் விற்கும் வரை அதன் உரிமை உங்களுடையதே என்பதை முதல் வரியாக எழுதி வாங்குங்கள். அந்த வரி இல்லையென்றால், கூடம் கடனில் சிக்கிக் கதவை மூடும் நாளில் உங்கள் பாண்டங்களும் கூடத்தின் சரக்காகவே எண்ணப்படக்கூடும்.

அடுத்தது கமிஷன். தனியார் கலைக்கூடங்கள் விற்பனை விலையில் பாதியை எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. சமூகக் கூடங்கள் பொதுவாக அதைவிடக் குறைவாக எடுக்கின்றன. முறைவைத்து வந்து கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் உறுப்பினர்களுக்கு இன்னும் குறைத்துக்கொள்வதும் உண்டு. ஆயினும் விகிதத்தைவிட அதைச் சுற்றியுள்ள விவரங்களில்தான் சண்டைகள் பிறக்கின்றன. விற்ற எத்தனை நாளுக்குள் பணம் வரும், வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி கொடுத்தால் அது யாருடைய பங்கிலிருந்து கழியும், பார்வையாளர் கை தவறி உடைத்தால் அல்லது திருட்டுப் போனால் யார் ஈடு செய்வது, விற்காதவற்றை எப்போது திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பனவற்றை எல்லாம் ஒரு பக்கத்துக்குள் எழுதிவிடலாம். மண்பாண்டம் உடையக்கூடியது என்பதால், உங்களுக்கு உடைவு பற்றிய வரிதான் மிக முக்கியம்.

ஒப்படைக்கும் நாளில் ஒவ்வொரு பாண்டத்துக்கும் எண், அளவு, விலை, நிலை ஆகியவற்றைக் குறித்து, படமும் எடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட பட்டியலில் ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கலைக்கூடத்தின் தரத்தை அதன் சுவர்களைப் பார்த்து அறிவதைவிட அதன் கணக்கேட்டைப் பார்த்து அறிவது எளிது என்பது என் கருத்து.

கேள்வி: என் கைத்தையல் வேலைக்கு எனக்கு 600 கிடைத்தால் போதும். கூடத்தின் கமிஷன் 40 சதவீதம் என்பதால் 840 என்று விலை வைத்தேன். கையில் வந்தது குறைவாக இருக்கிறது. எங்கே தவறு?

பதில்: கமிஷன் கணக்கிடப்படுவது விற்பனை விலையின் மீது; நீங்கள் அதை உங்கள் பங்கின் மீது கணக்கிட்டிருக்கிறீர்கள். 840-இல் 40 சதவீதம் 336, மீதி 504. உங்களுக்கு 600 வேண்டுமானால் அதை 0.6 ஆல் வகுக்க வேண்டும். விலை 1000 ஆகிறது. கைவினைஞர்கள் பலர் சறுக்கும் இடம் இது.

ஆனால் அந்த 600 என்ற எண் எப்படி வந்தது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். துணி, நூல் ஆகியவற்றின் செலவோடு, தைக்கப் பிடித்த நேரம், பிரித்துத் திரும்பத் தைத்த நேரம், தேய்ந்துபோகும் கருவிகள், வீணான துண்டுகள் அனைத்தும் அதில் அடங்க வேண்டும். பொழுதுபோக்காகச் செய்பவர் மூலப்பொருள் செலவுக்கே விற்றுவிட்டால், அதே கூடத்தில் அதே வேலையைப் பிழைப்பாகச் செய்பவரின் விலை அநியாயமாகத் தோன்றும். உங்கள் தாராளம் இன்னொருவருடைய வருமானத்திலிருந்து போகிறது. விலை எதுவானாலும் வீட்டிலும் கூடத்திலும் ஒன்றாகவே இருக்கட்டும். கூடத்தில் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து குறைவாக வாங்கிக்கொள்ளலாம் என்று தெரிந்தால், எந்தக் கூடமும் உங்கள் பொருளை நீண்ட நாள் வைத்திருக்காது.

கேள்வி: எங்கள் கூடத்தில் நீர்வண்ண ஓவியங்களும் துணிச் சித்திரங்களும் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று வெளிச்சத்தைக் கூட்டியிருக்கிறோம். இதனால் கெடுதல் உண்டா?

பதில்: உண்டு. ஒளியால் மங்கிய சாயத்தை மீட்க வழியில்லை. ஒளி தரும் சேதம் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். நீர்வண்ணம், காகிதம், துணி ஆகியவற்றுக்கு 50 லக்ஸ் (பொருளின் மீது விழும் ஒளியை அளக்கும் அலகு) அளவும், எண்ணெய் வண்ண ஓவியங்களுக்கு 200 லக்ஸ் அளவும் அருங்காட்சியகங்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் வரம்புகள். விற்பனைக்கு வைக்கும் கூடம் அவ்வளவு மங்கலாக இருக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆகவே நேரடி வெயில் விழும் சுவரை மண்பாண்டத்துக்கும் கல்லுக்கும் ஒதுக்கி, துணியை உட்புறச் சுவருக்கு மாற்றி, ஆள் இல்லாத நேரத்தில் விளக்கை அணைத்து, சில வாரங்களுக்கு ஒருமுறை படைப்புகளை மாற்றி வைத்தால் பெரும்பகுதிச் சேதம் தவிரும். ஓவியத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து ஏறத்தாழ 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்குமாறு மாட்டினால் நின்று பார்ப்பவரின் கண்ணுக்கு இதமாக இருக்கும். குழந்தைகளும் சக்கர நாற்காலியில் வருவோரும் மிகுதியாக வரும் கூடமென்றால் இன்னும் சற்றுத் தாழ்த்தலாம்.

கேள்வி: ஓவியங்களோடு கூடைகளையும் குவளைகளையும் சேர்த்து வைத்தால் கூடம் கடைபோல் ஆகிவிடுகிறது என்று எங்கள் குழுவில் சிலர் வாதிடுகிறார்கள். தங்கள் கருத்து?

பதில்: இந்த வாதம் நூறாண்டுக்கும் மேல் பழையது. லண்டனில் 1887-இல் கலைகள் மற்றும் கைவினைகள் கண்காட்சிச் சங்கம் தொடங்கப்பட்டதற்கு ஒரு காரணமே, ஓவியத்துக்குக் கிடைத்த சுவர் கைவினைக்குக் கிடைக்கவில்லை என்ற குறைதான். வால்டர் கிரேன் அதன் முதல் தலைவர். 1888-இல் முதல் கண்காட்சி நடந்தது. வடிவமைத்தவரின் பெயரோடு செய்தவரின் பெயரையும் பட்டியலில் அச்சிட்டது அதன் குறிப்பிடத்தக்க செயல். இதற்கு எதிர்த்திசையில் சிந்தித்தவர் ஜப்பானின் யானகி சோயெட்சு. அன்றாடப் பயன்பாட்டுக்காகப் பெயர் தெரியாத கைகள் செய்த பொருள்களிலேயே உண்மையான அழகைக் கண்ட அவர், 1936-இல் டோக்கியோவில் ஜப்பானிய நாட்டார் கைவினை அருங்காட்சியகத்தைத் திறந்தார்.

யானகியின் பார்வையில் எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் விற்பனை நடக்கும் சிறு கூடத்தில் செய்தவரின் பெயரைச் சொல்லும் லண்டன் சங்கத்தின் கட்சியையே நான் ஆதரிப்பேன். பெயரில்லாக் குவளையின் அழகை வாங்குபவர் ரசித்துக்கொள்ளலாம். செய்தவருக்கு அடுத்த குவளைக்கான ஆள் வந்து சேர வேண்டுமே. கூடை இருப்பதால் கூடம் கடையாவதில்லை. யார் செய்தது, எதனால் செய்தது, எந்த வேலையைக் கை செய்தது, எதை இயந்திரம் செய்தது என்று சொல்லும் சீட்டு இல்லாதபோதுதான் அது கடையாகிறது. கையால் செதுக்கிய அச்சுக்கட்டையிலிருந்து எடுத்த படத்தில் “12/50” என்று இருந்தால், அது 50 பிரதிகளில் 12 என எண்ணிடப்பட்டது என்று பொருள். அந்தப் பதிப்பை மேலும் பெருக்கக் கூடாது. ஓவியத்தை ஸ்கேன் செய்து கணினி அச்சுப்பொறியில் எடுத்த பிரதியை விற்பதும் குற்றமில்லை. அதை அசலுக்குப் பக்கத்தில் ஒரு சொல்லும் சொல்லாமல் மாட்டுவதுதான் குற்றம். குவளை என்றால் அதன் மெருகுப்பூச்சு உணவுக்குப் பாதுகாப்பானதா, அழகுக்கு மட்டுமா என்பதையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: கூடத்தில் ஓர் ஓவியம் வாங்கினேன். அதை வாழ்த்து அட்டையாக அச்சடித்து விற்கலாமா?

பதில்: கூடாது. நீங்கள் வாங்கியது அந்த ஒரு பொருளை. பிரதி எடுக்கும் பதிப்புரிமை, எழுத்தில் மாற்றித் தரப்படாதவரை, பொதுவாகக் கலைஞரிடமே இருக்கும். 1886-இல் உருவான பெர்ன் உடன்படிக்கை இந்த உரிமையை நாடுகளுக்கிடையே செல்லுபடியாக்கியது. படைப்பில் தம் பெயர் இருக்கவும், தம் மதிப்பைக் கெடுக்கும்படி அது சிதைக்கப்படாதிருக்கவும் கலைஞருக்குள்ள உரிமை 1928-இல் ரோம் திருத்தத்தின்போது அதில் சேர்ந்தது. கூடத்தின் வழியாகக் கலைஞருக்கு எழுதிக் கேளுங்கள். எத்தனை அட்டை, எவ்வளவு பங்கு என்று குறிப்பிட்டுக் கேட்டால் அவருக்கும் முடிவு செய்ய வசதியாக இருக்கும்.