கேள்வி – பதில்: முறுக்கு விற்றால் ஊர் வளருமா?

கேள்வி: எங்கள் ஊரில் தையல், மோட்டார் பட்டறை, பலகாரம் என்று பலர் சொந்தமாகச் செய்கிறார்கள். தொழிற்சாலை வந்தால்தான் ஊர் முன்னேறும் என்கிறார் அண்ணன். இந்தச் சின்னத் தொழில்களால் பயன் உண்டா?
– கல்லூரி மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: உண்டு. நம் மலேசியாவிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். கெடாவில் மூடா நீர்ப்பாசனத் திட்டம் வந்து நெல் இருபோகமானபோது, வயலில் கூடிய ஒவ்வொரு ரிங்கிட் வருமானத்துக்கும் வட்டாரத்தின் மற்றத் தொழில்களில் இன்னொரு 83 காசு பிறந்தது. அதில் பெரும்பங்கு, கையில் காசு சேர்ந்த குடும்பங்கள் ஊருக்குள்ளேயே வாங்கிச் செலவழித்ததால் வந்தது.

உங்கள் ஊர் போன்ற தோட்டப்புறத்தில் இந்தக் கணக்கு அப்படியே பலிக்காது. நெல் விவசாயியின் லாபம் அவர் வீட்டுக்கு வருகிறது. தோட்டத்து லாபமோ பங்குதாரர்களிடம் போகிறது. ஊரில் தங்குவது சம்பளம் மட்டும். (உங்கள் தொகுதியின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே தோட்டம் தொழிலாளர் கைக்கு வரட்டும் என்றுதான்.) மழையில் ரப்பர் மரப் பட்டை நனைந்தால் பால்வெட்டு நிற்கும், இலையுதிர் காலத்தில் பால் குறையும். தோட்டத்து ஆட்களை மட்டும் நம்பிய கடைக்கும் அதே மாதத்தில்தான் வியாபாரம் படுக்கும். ஈப்போவிலிருந்தோ கோலகங்சாரிலிருந்தோ பணத்தை உள்ளே கொண்டுவரும் தொழில்தான் ஊருக்குப் பலம்.

கேள்வி: வீட்டில் முறுக்கு சுட்டு, கிலோ 16 ரிங்கிட்டுக்கு விற்கிறேன். நல்ல ஓட்டம், ஆனால் கையில் ஒன்றும் நிற்கவில்லை. ஈப்போ கடைகளுக்குப் போட என்ன செய்ய வேண்டும்?
– இல்லத்தரசி, சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, உங்கள் கூலியை நீங்கள் கணக்கில் எழுதவில்லை, அதுதான் ஓட்டை. 6 மணி நேரத்தில் 8 கிலோ சுடுகிறீர்கள், மாவும் எண்ணெயும் கிலோவுக்கு 9 ரிங்கிட், கேஸ், பை, பயணம் 2 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 16க்கு விற்றால் 5 ரிங்கிட் லாபம் போலத் தெரியும். மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தின் மணிக்கூலி 8.17. ஆறு மணி நேரத்துக்கு 49.02, கிலோவுக்கு 6.13. ஆக அடக்கவிலை 17.13, கிலோவுக்கு 1.13 ரிங்கிட் நட்டத்தில் விற்கிறீர்கள். உங்கள் சொந்த எண்களைப் போட்டு இதே கணக்கை ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள்.

அடுத்து, எஸ்.எஸ்.எம். (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவு. வியாபாரம் தொடங்கிய 30 நாளுக்குள் செய்ய வேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், கடைப்பெயரில் 60. உணவு கையாள்வோர் பயிற்சியும் டைஃபாய்டு ஊசியும் கட்டாயம். ஊசியை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வீட்டுத் தொழிலுக்கு உரிமம் எப்படி என்பதை உங்கள் நகராண்மைக் கழகத்தில் கேளுங்கள். பொட்டலத்தில் பண்டத்தின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்தவர் பெயரும் முகவரியும், காலாவதித் தேதி இருக்கட்டும். லேபிள் இல்லாத சரக்கைப் பெரிய கடைகள் தொடாது.

சரக்கு திரும்பி வருவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால். சூடு ஆறுமுன் பையில் அடைத்தால் ஆவி உள்ளேயே நின்று முறுக்கு நமுத்துப்போகும். முழுக்க ஆறவிட்டு, தடித்த பையில் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சுட்டால் சில நாளிலேயே காறல் வாடை அடிக்கும். எண்ணெய் கறுத்து நுரை தள்ளினால் மாற்றிவிடுங்கள். இன்னொன்று, பல கடைக்காரர்கள் விற்ற பிறகுதான் பணம் தருவார்கள். மூன்று நடை சரக்குக்கான முதல் கையில் இல்லாமல் ஈப்போவுக்குப் போகாதீர்கள்.

கேள்வி: கணவர் செம்பனைக் குலை வெட்டுகிறார். வேலையை விட்டுவிட்டு என்னோடு முழுநேரம் வியாபாரத்துக்கு வரலாமா?
– அதே வாசகி

பதில்: இப்போது வேண்டாம். தோட்டத்து வீட்டில் இருந்தால் அந்த வீடு வேலையோடு சேர்ந்தது, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) சந்தாவும் நின்றுபோகும். ஓராண்டு நோட்டைப் பாருங்கள். இருவர் கூலியும் கழித்து மிச்சம் நின்றால் மட்டும் யோசியுங்கள். அதுவரை நீங்கள் சொக்சோவின் சுயதொழில் திட்டத்தில் சேருங்கள். மிகக் குறைந்த சந்தா ஆண்டுக்கு 157.20 ரிங்கிட். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பவருக்கு அது அவசியம்.